கதவைத் திறந்தே வைத்திருக்கலாம், ஐயா

சிறுவர் அமைப்புகளில் உதவி செய்ய வரும் பெரியவர்களுக்குச் சிறார் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவது என் வேலை. விளையாட்டுப் பயிற்சியாளர்கள், சாரணர் படைத் தலைவர்கள், முகாம் பொறுப்பாளர்கள், சிறுவர் நாடகக் குழு நடத்துபவர்கள், மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஊதியம் எதுவும் வாங்காமல் தங்கள் ஓய்வு நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் அவர்கள். அநேகமாக ஒவ்வொரு வகுப்பிலும், மதிய இடைவேளைக்கு முன்பே, மூத்தவர் ஒருவர் எழுந்து கேட்பார்: “இந்தப் பிள்ளைகளை என் சொந்தப் பிள்ளைகளாகத்தான் பார்த்து வருகிறேன். என்னையே சந்தேகப்படுகிறீர்களா, அம்மா?”

அந்தக் குரலில் இருக்கும் மனவருத்தம் உண்மையானது. அதனால் நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. “உங்களைச் சந்தேகப்படவில்லை, ஐயா. யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டிய நிலைமையே வராதபடி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளத்தான் இன்று கூடியிருக்கிறோம்” என்பேன். சிலர் தலையசைத்து அமர்ந்துவிடுவார்கள். சிலருக்கு அது போதாது. போதாதவர்களோடுதான் எனக்கு நாள் முழுக்கப் பேச்சு.

பயிற்சியின் நடுநாயகமான விதி மிக எளியது. எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு, பிறர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், தனித்திருக்கக் கூடாது. அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பதிவு பெற்ற, 21 வயது நிரம்பிய பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருந்தாக வேண்டும். வேறு அமைப்புகள் வேறு சொற்களில் இதையே எழுதி வைத்திருக்கின்றன. ஒரு பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தால் தாராளமாகப் பேசலாம். மைதானத்தின் ஓரமாக, மற்றவர்கள் பார்க்கக்கூடிய தொலைவில் நின்று பேச வேண்டும். காயத்துக்கு மருந்து போடும்போது அறைக்கதவு திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு பிள்ளையை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டிய நெருக்கடி வந்தால், புறப்படும் முன் பெற்றோருக்கும் இன்னொரு பொறுப்பாளருக்கும் தெரிவித்துவிட வேண்டும். பிள்ளை பின்னிருக்கையில் உட்கார வேண்டும். இரவு முகாமில் பெரியவர்களின் கூடாரம் வேறு, பிள்ளைகளின் கூடாரம் வேறு. குளிக்கும் நேரங்களும் வேறு வேறு.

இந்த விதியின் பெரிய பயன் பலருக்கு முதலில் பிடிபடுவதில்லை. தீங்கு நினைப்பவருக்கு வாய்ப்பைக் குறைக்கிறது என்பது வெளிப்படை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பெரியவர்களுக்கு இடையில் அது திறந்துவிடும் பேச்சு. விதி இல்லாத இடத்தில், “ஏன் அந்தக் கதவு மூடியிருக்கிறது?” என்று கேட்பதே ஒரு பழியாகிவிடும். கேட்பவர் அந்த மனிதரின் குணத்தையே கேள்விக்குள்ளாக்குகிறார். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பெண், எல்லோரும் மதிக்கும் மூத்த பயிற்சியாளரிடம் அப்படிக் கேட்டுவிடுவாளா? கேட்க மாட்டாள். விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தால், அவள் கேட்பது விதியைப் பற்றி மட்டுமே. “ஐயா, கதவைத் திறந்தே வைத்திருக்கலாம். நானும் இங்கேயே இருக்கிறேன்.” இதைச் சொல்ல அவள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆனாலும் நாக்கு எழாது. அதனால் அந்த வாக்கியத்தை வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகவைக்கிறேன். வயதில் இளையவரை எழுப்பி, ஆக மூத்தவரோடு ஜோடி சேர்ப்பேன். நூறு பிள்ளைகளை ஒற்றைக் குரலில் அடக்கக்கூடியவர்கள், எதிரே நிற்கும் இன்னொரு பெரியவரிடம் ஒரு சிறு வேண்டுகோளைச் சொல்லத் தடுமாறுவதைப் பார்க்க வேண்டும். சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் நான்கு முறை மன்னிப்புக் கேட்ட பிறகுதான் விஷயத்துக்கே வருவார்கள். மீண்டும் சொல்லச் சொல்வேன், தயக்கம் குரலிலிருந்து போகும்வரை.

அடுத்ததாக மூத்தவரைப் பழக்க வேண்டும். இதைப் பல பயிற்சிகளில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தன்னை ஒருவர் நிறுத்திக் கேட்கும்போது முகம் சுருங்காமல், “நன்றி, மறந்துவிட்டேன்” என்று சொல்லிக் கதவைத் திறக்கும் பழக்கம் மூத்தவர்களுக்கு வந்தாக வேண்டும். ஒரேயொரு முறை அவர் சிடுசிடுத்தால் போதும், அந்த அமைப்பில் அதன் பிறகு யாரும் யாரையும் எதையும் கேட்க மாட்டார்கள். காலையில் மனம் வருந்திக் கேட்ட அதே பெரியவர், பிற்பகலில் இந்த நன்றியைச் சொல்லும்போது அறையே மாறிவிடுகிறது. இளையவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜெரி சாண்டஸ்கியின் வழக்கை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கல்லூரி அணியொன்றின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராகப் பெயர் பெற்றவர் அவர். ஆதரவு தேவைப்படும் சிறுவர்களுக்காக 1977இல் ‘தி செகண்ட் மைல்’ என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கியவரும் அவரே. தான் சீரழித்த சிறுவர்களை அந்த அமைப்பின் வழியாகத்தான் அவர் கண்டடைந்தார். 2001இல் பல்கலைக்கழகக் குளியலறையில் அவரை ஒரு சிறுவனோடு பார்த்த இளம் உதவியாளர் ஒருவர், மறுநாளே தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னார். தலைமைப் பயிற்சியாளர் தன் மேலதிகாரிகளிடம் சொன்னார். மேலதிகாரிகள் தங்களுக்குள் கலந்துபேசினார்கள். காவல்துறைக்கு ஒருவரும் சொல்லவில்லை. சாண்டஸ்கி கைதானது 2011இல். அடுத்த ஆண்டு 45 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. பல்கலைக்கழகத் தலைவர் உள்ளிட்ட மூன்று உயரதிகாரிகளும் 2017இல் தண்டனை பெற்றார்கள்.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் அந்த உயரதிகாரிகள் மீது கோபப்படுகிறார்கள், நியாயம்தான். நான் அந்த இளம் உதவியாளரைப் பற்றியும் யோசிக்கச் சொல்கிறேன். அவர் சொல்லத்தான் செய்தார். தனக்கு மேலே இருப்பவரிடம் சொல்லிவிட்டால் தன் கடமை முடிந்தது என்பதுதான் நம்மில் பெரும்பாலோர் கற்றுக்கொண்டிருக்கும் ஒழுங்கு. பிள்ளைகள் விஷயத்தில் அந்த ஒழுங்கு போதாது. பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைப் பாதுகாக்க இந்தியாவில் 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, எந்த மனிதரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே பணியாற்றுபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வேறு நாடுகளில் யார் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறும். நீங்கள் பணியாற்றும் இடத்தில் அது யார், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பது தெரியாமல் பயிற்சி அறையை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எண்ணைக் கைப்பேசியில் அங்கேயே சேமிக்கச் சொல்வேன்.

“காவல்துறைச் சான்று வாங்கிவிட்டோமே, பிறகு எதற்கு இவ்வளவும்?” என்று நிர்வாகிகள் கேட்பதுண்டு. சான்று கட்டாயம் வேண்டும். இங்கிலாந்தில் 2002இல் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் அதற்கு முன்பே பலமுறை காவல்துறையின் பார்வைக்கு வந்தவன். அப்படியிருந்தும் ஒரு பள்ளியில் பராமரிப்பாளராக வேலை பெற்றிருந்தான். அதன்பின் நடந்த விசாரணைதான் அந்நாட்டின் பின்னணிச் சரிபார்ப்பு முறையையே மாற்றி அமைத்தது. ஆனால் சான்றிதழ் சொல்வது ஏற்கெனவே அகப்பட்டவர்களைப் பற்றி மட்டும். குழந்தைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைகூட அகப்படாதவர்கள். முன்பு பணியாற்றிய இடத்தைத் தொலைபேசியில் அழைத்து, “இவரை மறுபடி பிள்ளைகளோடு பணியாற்ற விடுவீர்களா?” என்று நேராகக் கேட்டால் எதிர்முனையில் விழும் ஒரு தயக்கம் எத்தனையோ காகிதங்களைவிட அதிகம் சொல்லும்.

அகப்படாதவர்கள் எப்படி அகப்படாமல் இருக்கிறார்கள்? இதைப் பேசும்போது அறையில் அசையும் சத்தம்கூடக் கேட்காது. அவர்கள் முதலில் பிள்ளையை அணுகுவதில்லை. நம்மை அணுகுகிறார்கள். எல்லோருக்கும் உதவுபவராக, எப்போது அழைத்தாலும் வருபவராக, பெற்றோரின் நம்பிக்கைக்குரியவராக ஆகிக்கொள்கிறார்கள். பிறகு ஒரு பிள்ளை மட்டும் தனியாகத் தெரிய ஆரம்பிக்கிறது: கவனிக்க ஆளில்லாத பிள்ளை, தகப்பனை இழந்த பிள்ளை, தன் உடல் தேவைகளுக்குப் பிறரைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளை. அதற்கு மட்டும் பரிசு. அதற்கு மட்டும் இரவில் தனிச் செய்தி. “இது நமக்குள் இருக்கட்டும்” என்று ஒரு சின்ன இரகசியம், வீட்டில் தடுத்த ஏதோ ஒன்றைச் செய்ய விட்டது போன்ற, தீங்கற்றதாகத் தோன்றும் இரகசியம். பிள்ளை அதைக் காப்பாற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த அடி. இப்படி வசப்படுத்துவது வாரக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் நடக்கும்.

இவற்றில் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அன்பு போலவே இருக்கும், அதுதான் கடினம். பரிசு கொடுக்கும் எல்லோரும் கெட்டவர்கள் ஆகிவிட மாட்டார்கள். அதனால்தான் உள்நோக்கத்தை ஊகிக்கும் வேலையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். எல்லை மீறல் சிறியதாக இருக்கும்போதே, மீறியவர் யாராக இருந்தாலும், சொல்லிவிட வேண்டும். சொன்னதை ஓரிடத்தில் எழுதியும் வைக்க வேண்டும். ஒருவரைப் பற்றி மூன்று பேர் தனித்தனியாக வைத்திருக்கும் மூன்று சிறு சங்கடங்கள், ஒரே குறிப்பேட்டில் சேரும்போதுதான் உருவம் கொள்கின்றன. நல்லெண்ணத்தோடு தவறியவருக்கு அதே குறிப்பு ஒரு நினைவூட்டல், அவ்வளவே. பிள்ளைகளுக்கான செய்திகள் எல்லாம் பெற்றோரும் இன்னொரு பொறுப்பாளரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போக வேண்டும் என்று வைத்துவிட்டால், இரவுநேரத் தனிச்செய்தி யாரிடமிருந்து வந்தாலும் மீறல் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். விதிகளைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் படித்துக் காட்டாத அமைப்பு பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

இரண்டு பெரியவர்கள் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில், சில வேளைகளில் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே, சிறுமிகளைத் துன்புறுத்தினார். 2018 ஜனவரியில் அவருடைய தண்டனை விசாரணையில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து நின்று பேசினார்கள். அவர்களில் சிலர் சிறுமிகளாக இருந்தபோதே பெரியவர்களிடம் முறையிட்டிருந்தார்கள்; மருத்துவருக்குத் தெரியாததா என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆகவே உடன் இருப்பவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விளையாட்டில் கைகால் நிலையைத் திருத்தத் தொட வேண்டியிருக்கும். தொடும் முன் எதற்காகத் தொடுகிறோம் என்று சொல்லி, சரி என்ற பதிலைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால் வேறு வழியில் விளக்க வேண்டும். “வேண்டாம்” என்று சொன்னால் மதிக்கப்படும் என்பதை ஒரு பயிற்சியாளர் அன்றாடம் இப்படிக் காட்டிவிட்டால், அந்தப் பிள்ளை வேறு இடத்திலும் அதைச் சொல்லும்.

மற்றப் பிள்ளைகளால் நேரும் தீங்கையும் பயிற்சியில் சேர்க்கிறேன். முகாமில் பெரிய பையன்கள் சிறியவர்களை ஆடையைக் களையவைத்துக் கேலி செய்வதை விளையாட்டு என்று விட்டுவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் அடி வாங்கும் பிள்ளை, சரியான உணவும் உடையும் இல்லாமல் வரும் பிள்ளை, ஓயாமல் அவமானப்படுத்தப்படும் பிள்ளை இவர்களும் நம் பொறுப்பே. வீட்டுக்கு வெளியே அந்தப் பிள்ளையை வாராவாரம் பார்க்கும் ஒரே பெரியவர் ஒரு தன்னார்வலராக இருக்கலாம்.

இனி, ஒரு பிள்ளை வந்து சொல்லும் அந்தக் கணம். அது பெரும்பாலும் வசதியான நேரத்தில் வராது. பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருப்போம், அடுத்த நிகழ்ச்சிக்கு ஓடிக்கொண்டிருப்போம். பிள்ளை பாதிதான் சொல்லும். வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொல்லும். சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். நம் முகத்தில் அதிர்ச்சியோ அருவருப்போ தெரிந்தால் மீதிப் பாதியை விழுங்கிவிடும். அதனால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது, முடியவும் கூடாது. “உன்னைப் பாதுகாக்கக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், யாரிடம் என்பதை உனக்கும் சொல்வேன்” என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு. “அவர் உன்னை இங்கே தொட்டாரா?” என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். “பிறகு என்ன நடந்தது?” என்பது போதும். பல சமயம் அதுகூட வேண்டாம். “ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?” என்பது பிள்ளையின் காதில் பழியாகத்தான் விழும். நம்புகிறேன், சொன்னது நல்லது, தவறு உன்னுடையது அல்ல: இந்த மூன்றும் அதற்குக் கேட்க வேண்டும்.

பிறகு, சூடு ஆறும் முன்பே, பிள்ளை பயன்படுத்திய அதே சொற்களில் எழுதுங்கள். உறுப்புக்கு அது என்ன பெயர் சொன்னதோ அதையே எழுதுங்கள், நாகரிகமாக மாற்ற வேண்டாம். தேதி, நேரம், உங்கள் கையெழுத்து. குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய் விசாரிக்காதீர்கள்; சாட்சியங்கள் அழியவும் பிள்ளை மிரட்டப்படவும் அதுவே வழி. உண்மையா என்று கண்டறிவது உங்கள் வேலை அன்று. அன்றைக்கே சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பது உங்கள் வேலை. சக தன்னார்வலர்களிடம் இதைப் பற்றிப் பேசிவிடாமல் இருப்பதும்தான்.

ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை ஒரு அரச ஆணையம் விசாரித்தது. 8,000க்கும் மேற்பட்டவர்கள் தனியறையில் அந்த ஆணையத்திடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். தங்களுக்கு நடந்ததை முதல்முறையாக வாய்திறந்து சொல்ல அவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த எண்ணை வகுப்பில் சொல்லும்போது நான் யார் முகத்தையும் குறிப்பாகப் பார்ப்பதில்லை. அறையில் சிலருக்கு அது வெறும் எண்ணாக இருக்காது என்று தெரியும். விரும்பியபோது எழுந்து போகலாம், யாரும் காரணம் கேட்க மாட்டோம் என்று காலையிலேயே சொல்லிவிடுவேன். வெளியே ஒரு சக பயிற்றுநர் அவர்களுக்காகவே உட்கார்ந்திருப்பார். ஒருமுறை வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, பணி ஓய்வு பெற்ற ஒருவர் கூடவே அடுக்கிக்கொண்டே, சிறுவனாக இருந்தபோது தன் குழுத் தலைவர் தன்னிடம் நடந்துகொண்டதைச் சொன்னார். மனைவியிடமும் சொன்னதில்லையாம். கேட்டேன். அவர் விரும்பினால் பேசக்கூடிய ஆலோசகரின் எண்ணைக் கொடுத்தேன். அவர் அந்த அமைப்பில் இப்போதும் தன்னார்வலராக இருக்கிறார்.

இவ்வளவையும் இணையத்தில் பொத்தான்களை அழுத்தி முடிக்கும் ஒரு மணி நேரப் பாடமாக்கிச் சான்றிதழ் கொடுத்துவிடும் வழக்கம் பரவிவருகிறது. சட்டத்தையும் வரையறைகளையும் அப்படிக் கற்கலாம். ஒரு மூத்தவரை நிறுத்திக் கேட்கவும், கேட்கப்பட்டபோது நன்றி சொல்லவும் அப்படிக் கற்க முடியாது. ஓட்டுநர், சமையல்காரர், புகைப்படக்காரர் என்று பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வருகிற எல்லோரும் வர வேண்டும். நிர்வாகக் குழுவினர் தொடக்க உரை ஆற்றிவிட்டுப் போய்விடுவதுதான் வழக்கம். சாண்டஸ்கியின் வழக்கில் செய்தி நின்றுபோனது கீழே அன்று, மேலே. அதனால் இப்போதெல்லாம் தலைவரும் செயலாளரும் மாலைவரை இருந்து, ஜோடிப் பயிற்சியிலும் எழுந்து நிற்க எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஓர் அமைப்புக்குத் தேதி கொடுக்கிறேன். அடுத்த மாதம் வருபவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.